கிணற்றடி பங்களாவில் ஒரு வாத்து

"சார், சாவி அரிசி டிரம்முல இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

காலை ஏழரை மணிக்குச் சென்னையிலிருந்து ரோஹிணி போனில் கேட்ட முதல் கேள்வி இது. இயேசுதாசன் மொட்டை மாடியில் ஜெபம் முடித்து, குளித்து, அப்போதுதான் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எவனுக்கும்மா?"

"சித்தூர் சிங்கம்னு ஒருத்தன் சார். நம்ம ப்ரோமோவுக்குக் கீழ கமெண்ட் போட்டிருக்கான். 'இரும்புப்பெட்டி சாவியைத் தேடாதீங்க மரகதம் மேடம், அது சமையல்கட்டு அரிசி டிரம்முல கிடக்குது'ன்னு. அந்த சீன் புதன்கிழமைதான் வருது. இன்னிக்குத் திங்கக்கிழமை."

இட்லி பாதி வழியில் நின்றது.

"குத்துமதிப்பா அடிச்சிருப்பான்."

"முதல் தடவை நானும் அப்படித்தான் நெனச்சேன். இது நாலாவது தடவை சார். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி எபிசோட். கொலைகாரன் பேரும் இதே மாதிரி வெளிய வந்துச்சுன்னா, புது சீரியலை வளசரவாக்கத்து ரைட்டருக்குக் கொடுத்துடறதா மேலே பேசிக்கிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. ஆளு உங்க ஊரு. கண்டுபிடிங்க."

போன் அணைந்தது. இயேசுதாசன் தட்டைத் தள்ளிவைத்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பத்தொன்பது வயதில் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் டிரம் உருட்டப் போனவர். ஒரு டிரம் இருநூறு கிலோ. சீசனில் ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் உருட்ட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில், மாங்காய் அரிகிற பெண்களின் பிள்ளைகள் அழாமல் இருக்கக் கதை சொல்ல ஆரம்பித்தார். வாத்து, வெள்ளாடு, ஆமை, குரங்கு. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே சொன்ன கதைகள். சபையின் ஞாயிறு பள்ளிக்காரர்கள் அவற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். இருபத்திரண்டு புத்தகம் ஆயிற்று. அதில் காணாமல் போன வாத்தைப் பற்றிய ஒன்று எப்படியோ சென்னையில் ரோஹிணியின் கைக்குப் போனது. வாத்தைக் காணோம் என்று நாற்பது பக்கம் பிள்ளைகளை உட்கார வைக்கிறவர், பிணத்தை வைத்துக்கொண்டு பெரியவர்களை எத்தனை நாள் உட்கார வைப்பார் என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்கு சரியாக இருந்தது. 'கிணற்றடி பங்களா' முந்நூறு எபிசோடைத் தாண்டிவிட்டது. மில் முதலாளி ராஜரத்தினத்தின் பிணம் கிணற்றில் மிதந்த முதல் நாளிலிருந்து, அவரைத் தள்ளியது யார் என்று இன்ஸ்பெக்டர் மரகதம் தேடிக்கொண்டே இருக்கிறாள்.

இந்த வேலை போனால் இனி டிரம் உருட்ட முடியாது. முழங்கால் இரண்டும் எப்போதோ கைவிட்டுவிட்டன.

ஆகவே சந்தேகப்பட ஆரம்பித்தார். அது அவருக்கு வராத வேலையும் இல்லை; முந்நூறு எபிசோடாக அதைச் செய்துதான் சோறு தின்கிறார்.

அவர் எழுதுவது கையால். அதை முதலில் மனைவி ஜெயகுமாரி படிப்பாள். மகள் கேசியா பிழை பார்ப்பாள். பிறகு கிளாட்வினின் டிடிபி கடைக்குப் போய், டைப் ஆகி, அங்கிருந்தே மெயிலில் சென்னைக்குப் பறக்கும். மொத்தம் மூன்று பேர். மனைவியும் மகளும் வீட்டு மனுஷர்கள். எனவே கிளாட்வின்.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"வாங்கண்ணா. கதவைச் சாத்தாதீங்க, புழுங்கும்."

"புழுங்கட்டும். அரிசி டிரம் சாவியைப் பத்தி யார்கிட்ட சொன்னே?"

"எந்தக் கடை அரிசிண்ணா?"

"நடிக்காதே கிளாட்வின். கதையில வர்ற சாவி."

கிளாட்வின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "அண்ணா, நான் அடிக்கிறதைப் படிக்கிற வழக்கமே கெடையாது. படிச்சா ஸ்பீடு கொறஞ்சிடும். போன மாசம் என் மச்சினன் கல்யாணப் பத்திரிகையை இதே கையாலதான் அடிச்சேன். பொண்ணு பேரு இன்னான்னு மண்டபத்துல போர்டைப் பாத்துதான் தெரிஞ்சுக்கினேன்."

இயேசுதாசன் நம்பவில்லை. இவ்வளவு பொருத்தமாகப் பதில் சொல்கிறவனைத்தான் அவர் தன் கதையில் எப்போதும் மாட்டிவிடுவார்.

வீட்டுக்கு வந்து ஒரு திட்டம் போட்டார். இனி எழுத்தில் யார் பெயரும் வராது. எல்லோருக்கும் மாற்றுப் பெயர். அவசரத்துக்குக் கையில் கிடைத்தவை குழந்தைக் கதை விலங்குகள்தான். வக்கீலுக்கு வாத்து. சமையற்காரிக்கு வெள்ளாடு. டிரைவருக்குக் குரங்கு. முதல் எபிசோடிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் ராஜரத்தினத்தின் அக்காவுக்கு, அதாவது வீட்டில் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிறவளுக்கு, ஆமை. எது யார் என்ற பட்டியலை ரோஹிணிக்குப் போனில் சொல்லலாமா என்று யோசித்தார். போனை யாராவது ஒட்டுக்கேட்டால்? கூரியரில் அனுப்பினார். உறையின் நான்கு ஓரத்திலும் அரக்கு வைத்து.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரோஹிணி கூப்பிட்டாள்.

"சார், வாத்து வந்துடுச்சு."

"எந்த வாத்து?"

"நீங்க எழுதின வாத்துதான். 'வாத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உயிலைப் படிக்கிறது.' திருவள்ளூர்ல இருந்து வேன் வச்சு மூணு வாத்து கொண்டாந்திருக்காங்க. டைரக்டர் கண்ணாடியை மாட்டிப் பாத்தாரு, மூக்குல நிக்க மாட்டேங்குது. அப்புறம் கடைசியில 'வாத்து கையெழுத்துப் போடுகிறது'ன்னு இருக்கே, அதை மட்டும் கிராஃபிக்ஸ்ல பண்ணிக்கலாமான்னு கேக்கறாரு."

"ஐயோ அம்மா, வாத்துன்னா வக்கீலும்மா!"

மறுமுனையில் கொஞ்ச நேரம் வாத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு வெள்ளாடு ஒண்ணு நிக்குதே சார்?"

"அது சமையற்காரி."

"குரங்குக்கு வனத்துறையில பர்மிஷன் கேட்டு ஆளு போயிருக்கான்."

"அவனைத் திரும்பக் கூப்பிடும்மா, அது டிரைவரு! பட்டியல் கூரியர்ல அனுப்பினேனே, வரலியா?"

"சார்," என்றாள் ரோஹிணி. குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "அரை நாள் ஷூட்டிங் போச்சு. வக்கீலா நடிக்கிறவரு, தன் வேஷத்தை வாத்துக்குக் கொடுத்துட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. கதை எழுதற இடத்துல கதை மட்டும் எழுதுங்க."

இது போதாதென்று வெள்ளிக்கிழமை காலை சித்தூர் சிங்கம் எழுதியிருந்தது: 'வாத்துன்னா வக்கீல். வெள்ளாடுன்னா சமையற்காரி. பாவம் ரைட்டர் சார், எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறீங்க?'

இயேசுதாசன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கிளாட்வினுக்கு வாத்துதான் தெரியும், வக்கீல் தெரியாது. பட்டியல் அரக்கு வைத்த உறைக்குள் இன்னும் வழியில் இருக்கிறது. அவர் வாயைத் திறந்து சொன்னது ரோஹிணியிடம் மட்டும்தான். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தது?

மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஜெயகுமாரி மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டு, சேலைத் தலைப்பில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். கேசியா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இட்லி தின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் துளி கலவரம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அவருக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அதை ஒரு மனுஷப் பிறவியிடமும் சொன்னதில்லை. ராஜரத்தினத்தைக் கிணற்றில் தள்ளியது யார் என்று அவருக்கே தெரியாது. ஆரம்பத்தில் ஒருவரை நினைத்திருந்தார். அந்த நடிகர் நூற்றுப்பத்தாவது எபிசோடில் வேறு டிவிக்கு ஓடிவிட்டார். அதற்குப் பிறகு போகிற வழியில் ஆள் கிடைப்பான் என்று எழுதிக்கொண்டே வந்தார். ஆள் கிடைக்கவில்லை. எபிசோடுகள்தான் கிடைத்துக்கொண்டிருந்தன.

'சரி, அதையே பொறியாக வைப்போம்' என்று தீர்மானித்தார்.

சனிக்கிழமை ஜெயகுமாரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஜெயா, உனக்கு மட்டும் சொல்றேன். கொலை பண்ணது வக்கீலு."

"நான் கேக்கலியே."

"கேக்கலன்னாலும் சொல்லணும்னு தோணிச்சு."

"இன்னிக்கு இன்னா புதுசா பாசம்? கீரையை ஆயறதுன்னா ஆயுங்க, இல்லன்னா எழுந்து போங்க."

சாயங்காலம் கேசியாவை மாடிப்படியில் மடக்கினார். "பாப்பா, கொலைகாரன் டிரைவரு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

கேசியா கண்ணை அகல விரித்தாள். "அந்த டிரைவரா? எவ்ளோ நல்லவரு நைனா அவரு! ஏன் நைனா இப்படிப் பண்ணே?"

கிளாட்வினிடம் போய்ச் சமையற்காரி என்றார். "அப்படியாண்ணா," என்றவன், ஒரு கருமாதிப் பத்திரிகையைத் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தான்.

இனி வலையில் எந்தப் பெயர் வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் திருடர். இயேசுதாசன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். மூன்று பொய் சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதற்கு உரிய மன்னிப்பைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சபைக் கோவிலுக்குப் போக மனம் வந்தது.

திங்கட்கிழமை. சித்தூர் சிங்கம் எழுதியிருந்தது: 'வக்கீலும் இல்ல, டிரைவரும் இல்ல, சமையற்காரியும் இல்ல. வீட்டம்மாவுக்கு ஒரு பொய், மகளுக்கு ஒரு பொய், டைப் அடிக்கிறவருக்கு ஒரு பொய். கொலைகாரன் யாருன்னு ரைட்டருக்கே தெரியாது!'

கீழே ஆயிரத்து இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

இயேசுதாசன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இது ஒட்டுக்கேட்டு வந்தது இல்லை. இது மண்டை ஓட்டுக்குள் கையை விட்டு எடுத்தது.

ரோஹிணி கூப்பிட்டாள். "இது உண்மையா சார்?"

"எது?"

"உங்களுக்கே தெரியாதுங்கறது."

"இன்னாம்மா இது, பெத்தவனுக்குப் பிள்ளை தெரியாதா?"

"அப்ப இப்பவே பேரைச் சொல்லுங்க."

"போன்ல வேணாம்மா. வியாழக்கிழமை ஷூட்டிங்குக்கு நானே நேர்ல வந்து டைரக்டர் காதுல சொல்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஜெயகுமாரி நின்றுகொண்டிருந்தாள். கையில் அவள் போன். அதில் சிங்கம்.

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சு உங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டு. எனக்கும் பொய், கிளாட்வினுக்கும் பொய். ரெண்டு பேரையும் ஒரே தட்டுல நிறுத்திட்டீங்க இல்ல?"

"அது சோதனைக்கு ஜெயா…"

"நான் பள்ளிக்கூடத்துல அறுபது பிள்ளைங்களுக்குப் பரீட்சை வைக்கிறவ. எனக்கு நீங்க சோதனை வைக்கிறீங்களா?"

பின்னாலேயே கேசியா. "நைனா, டிரைவர்னு சொன்னியே, அதை நான் ஆபீஸ்காரங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ரேஷ்மா போன்ல எவ்ளோ கெஞ்சினா தெரியுமா? வாயை இறுக்கி மூடிக்கினு ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல. அது பொய்யா?"

கிளாட்வின் போன் கூடச் செய்யவில்லை. அவர் தந்திருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். மேலே ஒரு சீட்டு: 'அண்ணா, வேற கடை பாத்துக்கங்க. ஸ்தோத்திரம்.'

அன்று ராத்திரி வரை வீட்டில் யாரும் அவரிடம் பேசவில்லை. தட்டில் சோறு வந்தது. குழம்பு தனியாக வேறொரு நேரத்தில் வந்தது.

இந்த வீட்டில் இருந்தால் வேலைக்கு ஆகாது என்று முடிவு கட்டினார். இந்த ஊரே ஆகாது. செவ்வாய்க்கிழமை காலை ஒரு பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, வேதாகமம். பேனா இல்லை, காகிதம் இல்லை. எழுதினால்தானே திருடுவான்?

தெருமுனையில் டிபன் கடை சுரேஷ்பாபு தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டான். "ஏமி சார், ஊருக்கா?"

"ரெண்டு நாளு. ஒரு வேலை."

"ஐயோ, நீங்க இல்லன்னா காலங்காத்தால தெருவே வெறிச்சுன்னு இருக்கும் சார்."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நொடியே, இவன் எதற்கு இவ்வளவு அன்பாகப் பேசுகிறான் என்று சந்தேகப்பட்டார். எந்த ஊருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

திருப்பதி பஸ்ஸில் ஏறி, முதுகுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்று கடைசி சீட்டில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால் குலுக்கல் தாங்காது. ஆனால் அந்தக் குலுக்கலில்தான் அது நடந்தது. முன் சீட்டில் ஓர் அம்மாள் கால் வலி, எழுந்து நிற்கவே முடியாது என்று சொல்லி இரண்டு பேர் இடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சந்திரகிரியில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே சீத்தாப்பழக் கூடையைப் பார்த்ததும் அந்த அம்மாள் துள்ளி எழுந்து, படியில் தாவி இறங்கி, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு ஓடிவந்து மறுபடியும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

இயேசுதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அத்தை!

முந்நூறு எபிசோடாகக் கட்டிலில் கிடந்தவள். எல்லோர் கையாலும் கஞ்சி குடித்தவள். அவளுக்குக் கால் நன்றாக இருக்கிறது. தம்பியைத் தள்ளியது அவள்தான். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை, எல்லாம் பொருந்தியது. இதற்காகத்தான் அவளை இத்தனை நாள் படுக்கவைத்தேனோ என்று அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. கூவ வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பஸ்ஸில் குரங்குக் குல்லாய் போட்ட ஒருவன் அவரையே பார்ப்பது போலிருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவன் எதற்குக் கண்ணை இவ்வளவு இறுக்கமாக மூட வேண்டும்?

திருப்பதியில் இறங்கி, மூன்று ஷேர் ஆட்டோக்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு நான்காவதில் ஏறி திருச்சானூர் போனார். பத்மாவதி அம்மன் கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் சித்தூர் சபைக்காரர் ஒருவரை யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கோவில் தெருவுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் நுழைந்து, பதிவேட்டில் 'திருவேங்கடம்' என்று எழுதினார்.

கவுண்டரில் இருந்தவன் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தான். பதிவேட்டைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

"சார், இதுல இயேசுதாசன்னு இருக்கு."

"நான் எழுத்தாளன். இது புனைபெயர்."

"ரெண்டுல எது சார் புனைபெயரு?"

பதில் சொல்வதற்குள், 'கிணற்றடி பங்களா' எழுதுகிற சார் இவர்தான் என்று அவன் உள்ளே இருந்த முதலாளிக்குத் தெலுங்கில் சத்தமாகச் சொல்லிவிட்டான். ஒளிய வந்த இடத்தில் டீ கிடைத்தது.

இரண்டாவது மாடியில் இருநூற்று ஐந்தாம் எண் அறை. கூட்டிப் பெருக்குகிற பச்சையம்மாள் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நகரிக்காரி, ஐம்பது வயதிருக்கும். முழங்கையில் சூடு பட்டது போல ஒரு பழைய தழும்பு. வேலை செய்து தேய்ந்த கையைப் பார்த்தால் இயேசுதாசனுக்கு எப்போதும் ஒரு மரியாதை வரும். இன்று அதுவும் வரவில்லை.

"இந்த ரூமுக்குப் பக்கத்துல யாரும்மா?"

"ஒரு பக்கம் சூளூர்பேட்டை குடும்பம் சார். இன்னொரு பக்கம் வேலூர்க்காரங்க, கல்யாணத்துக்கு வந்துக்கினு இருக்காங்க. இன்னா சார், யாரையாவது தேடறீங்களா?"

"இல்ல. யாராவது என்னைத் தேடறாங்களான்னு."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்குமோ என்று துண்டை எடுத்து மூடினார். போனை அணைத்தார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் ஒரு பகல் தாண்டினால் போதும். பெயர் அவருடைய மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பூட்டும் அதுவே, சாவியும் அதுவே.

புதன்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தார். ஜெபம், குளியல், கீழே போய் பொங்கல். எட்டு மணிக்குப் போனைத் திறந்தார்.

பதினாறு தவறிய அழைப்பு. எல்லாம் ரோஹிணி.

"சார், அத்தையா?"

இயேசுதாசன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு சொன்னது?"

"சிங்கம் இல்ல சார். இது புது ஆளு. சூளூர்பேட்டை சுந்தரின்னு பேரு. காலையில ஆறு மணிக்குப் போட்டிருக்கா. 'அத்தைக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. தம்பியைத் தள்ளினது அதுதான். சீத்தாப்பழக்காரம்மாவுக்கு நன்றி.' சீத்தாப்பழம்னா என்ன சார்? இதுவும் வாத்து மாதிரியா?"

அத்தை போகட்டும், சீத்தாப்பழம்!

"சார், கேளுங்க. இப்ப மணி எட்டே கால். பன்னெண்டு மணிக்குள்ள வேற கொலைகாரன் வேணும். அந்தப் பேரு வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளிய வரலேன்னா புது சீரியல் உங்களுக்கு. வந்துச்சுன்னா, அந்த வளசரவாக்கத்து ஆளு இப்பவே ரிசப்ஷன்ல உக்காந்திருக்காரு. டீ குடிச்சிக்கிட்டு."

யாரிடமும் சொல்லவில்லை. எழுதவில்லை. போனில் பேசவில்லை. அப்படியென்றால் ஒரே ஒரு வழிதான் பாக்கி. கூச்சத்தை விட்டு ஜெயகுமாரிக்குப் போன் செய்தார்.

"ஜெயா, கோவத்தைக் கொஞ்சம் தள்ளி வை. நான் தூக்கத்துல உளறுவேனா?"

"தூக்கத்துலயாவது உண்மை பேசுவீங்களான்னுதான் நானும் ரெண்டு நாளா யோசிச்சிக்கினு இருந்தேன். குறட்டைதான் வரும். வேற ஒண்ணும் வராது."

"நிச்சயமா?"

"வேணும்னா கேசியாவைக் கேளுங்க, அவ பொய் சொல்ல மாட்டா," என்று வைத்துவிட்டாள்.

அந்த வழியும் அடைந்தது. மணி ஒன்பது, பத்து. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். முழங்கால் வலித்தது. ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்கிற தன்னை மனதுக்குள் ஒரு தரம் பார்த்தார். சூப்பர்வைசர் அவர் காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறான். ஞாயிறு பள்ளியில் புது வாத்துக் கதை ஒன்றை இருபத்து மூன்றாவது புத்தகமாகப் போடுவார்களா என்று கேட்டு நிற்கிறார். போன இருபத்திரண்டே விற்காமல் கட்டுக் கட்டாக இருக்கிறது என்கிறார்கள். பதினோரு மணி.

பதினொன்று பத்துக்கு அது வந்தது.

அத்தையைவிட நூறு மடங்கு நல்ல ஆள். முந்நூறு எபிசோடாக எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் நின்றுகொண்டிருந்த ஆள். டைரக்டரே நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவார். அந்தப் பெயரை இங்கேகூட எழுதுவதற்கில்லை.

இயேசுதாசனுக்குக் கண் கலங்கியது. பதினொன்று பன்னிரண்டுக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டிலோரம் வந்து, கண்ணை மூடினார். தொண்டையைச் செருமினார்.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தான் சார், பச்சையம்மா."

"ரூமை அப்புறம் கூட்டிக்கம்மா."

"கூட்ட வரல சார். கதவைத் தொறங்க, அவசரம்."

தாழ்ப்பாளை நீக்கினார். பச்சையம்மாள் துடைப்பத்தோடு உள்ளே நுழைந்து, அவளே கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"சார், அந்த அத்தையம்மா பேரு வெளிய போயிட்டதால உங்களுக்கு வேலை போயிடுமாமே? கீழ பேசிக்கினு இருந்தாங்க. மனசு கேக்கல. அதான் ஓடியாந்தேன். இப்ப புது ஆளைப் புடிச்சிட்டீங்களா?"

இயேசுதாசன் இரண்டடி பின்னால் போனார். சந்தேகம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நீ யாரு? உன்னை யாரு அனுப்பினது? வளசரவாக்கமா?"

"நான் நகரி சார். யாரும் அனுப்பல. வராண்டாவுல எட்டிப் பாருங்க. சூளூர்பேட்டைக்காரங்க, வேலூர் கல்யாணத்துக்காரங்க, கவுண்டர்ல இருக்கற ஆளு, எல்லாரும் பாயை விரிச்சிக்கினு, காபியைக் கையில வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்காங்க. அந்தச் சுந்தரிப் பொண்ணு போனைத் தொறந்து ரெடியா வச்சிருக்கு. அடுத்த பேரு இப்ப வரும்னு."

"எப்படிம்மா வரும்?" இயேசுதாசனுக்குக் குரல் கிட்டத்தட்ட அழுகையாக வந்தது. "எங்கிருந்து வரும்? சத்தியமா நான் ஒரு மனுஷன்கிட்டயும் வாயைத் தொறக்கலியே!"

பச்சையம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"மனுஷங்ககிட்ட சொல்லல சார், ஆனா எங்க சாமி மனசுக்குள்ள நெனச்சாலே கேட்டுக்குது, உங்க சாமிகிட்ட அந்தப் பேரை மட்டுமாவது கொஞ்சம் மெதுவா சொல்லக்கூடாதா?"